ஆபரேட்டர் ஓவர்லோடிங்: நம் கிளாஸுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைதான் நிரல்மொழி படிக்கும் சில இளைஞர்களோடு சனிக்கிழமை சாயங்காலங்களில் உட்கார்ந்து அவர்கள் எழுதிய புரோகிராம் கோடைப் படிப்பது என் வழக்கம். கிளாஸ் (ஒரு வகைப் பொருளுக்கான அச்சு), ஆப்ஜெக்ட் (அந்த அச்சில் வார்த்த பொருள்), இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸிலிருந்து பிள்ளை கிளாஸ் எடுப்பது) வரை சரசரவென்று வந்துவிடுகிறார்கள். தன் கிளாஸுக்கு ஒரு கூட்டல் குறி வைக்கும் இடத்தில் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள், கேட்கிற சந்தேகங்களும் வருஷா வருஷம் அதேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

உதாரணம் முழுக்க ஒன்றே: ஒரு மெஸ்ஸின் பில். காபி 25 ரூபாய், வடை 12 ரூபாய், தோசை 60 ரூபாய். கிளாஸின் பெயர் 'பணம்'. கோடில் வரும் பைதான் சொற்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கணினியில் அவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பணம், காபி, வடை போன்ற பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பைதான் 3 ஏற்றுக்கொள்ளும்.

ஆபரேட்டர் ஓவர்லோடிங்னா என்ன? ஒரே வரியில சொல்லுங்க.

நாம் எழுதிய கிளாஸின் இரண்டு ஆப்ஜெக்டுகளுக்கு நடுவில் +, -, ==, < போன்ற ஒரு குறி வந்தால் என்ன நடக்க வேண்டும் என்று நாமே எழுதி வைப்பது.

இதை நீங்கள் முதல் நாளிலிருந்தே பயன்படுத்துகிறீர்கள். 2 + 3 என்றால் 5. 'மசால்' + 'தோசை' என்றால் 'மசால்தோசை'. [1, 2] + [3] என்றால் [1, 2, 3]. குறி ஒன்றுதான், செய்கிற வேலை மூன்று. எண், ஸ்ட்ரிங், லிஸ்ட் மூன்றுமே பைதானில் கிளாஸ்கள். தனக்குக் கூட்டல் என்றால் என்ன என்பதை ஒவ்வொன்றும் தனக்குள் எழுதி வைத்திருக்கிறது. அந்த வசதியை நம் கிளாஸுக்கும் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஓவர்லோடிங், ஓவர்ரைடிங் ரெண்டும் ஒண்ணா? இன்டர்வியூல கேட்டாங்க.

இரண்டும் வேறு. அப்பா கிளாஸில் இருக்கும் மெத்தடை (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷனை) பிள்ளை கிளாஸில் திருப்பி எழுதுவது ஓவர்ரைடிங். ஒரே பெயருக்கு, அல்லது ஒரே குறிக்கு, எதிரே இருக்கும் டைப்பைப் பொறுத்து வேறு வேறு வேலை கொடுப்பது ஓவர்லோடிங். சி பிளஸ் பிளஸிலும் ஜாவாவிலும் ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் எழுதலாம். பைதானில் அப்படி எழுதினால் கடைசியாக எழுதியது மட்டும் தங்கும். ஆனால் ஆபரேட்டர் ஓவர்லோடிங் பைதானில் தாராளமாக உண்டு.

கூட்டு()-னு ஒரு மெத்தட் எழுதிட்டா போதாதா? எதுக்கு இந்தக் குறியெல்லாம்?

போதும், வேலை நடக்கும். ஆனால் இந்த இரண்டு வரிகளையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்:

```
தோசை + வடை * 2 - தள்ளுபடி
தோசை.கூட்டு(வடை.பெருக்கு(2)).கழி(தள்ளுபடி)
```

முதல் வரியை மெஸ்ஸில் கணக்குப் பார்க்கிறவரே சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். இரண்டாவதில் அடைப்புக்குறிகளை எண்ணி, உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும். ஜாவாவில் பிக்டெசிமல் (துல்லியமான தசம எண்ணுக்கான கிளாஸ்) வைத்துப் பணக் கணக்கு எழுதியவர்களுக்கு இந்தச் சிரமம் நன்றாகத் தெரியும். கணக்கில் தவறு இருந்தால் அது கண்ணில் பட வேண்டும். குறிகள் இருப்பது அதற்காகத்தான் என்பது என் எண்ணம். தட்டச்சு குறைவது ஒரு சின்னக் கூடுதல் லாபம்.

சரி, எப்படி எழுதுறது?

ஒவ்வொரு குறிக்கும் பைதானில் ஒரு மெத்தட் பெயர் உண்டு. முன்னாலும் பின்னாலும் இரண்டிரண்டு அடிக்கோடு வரும், அதனால் பேச்சில் இவற்றை 'டண்டர் மெத்தட்' என்பார்கள். + குறிக்கு __ஆட்__.

```
கிளாஸ் பணம்:
    டெஃப் __இனிட்__(செல்ஃப், பைசா):
        செல்ஃப்.பைசா = பைசா

    டெஃப் __ஆட்__(செல்ஃப், மற்றது):
        ரிட்டர்ன் பணம்(செல்ஃப்.பைசா + மற்றது.பைசா)
```

__இனிட்__ என்பது புது ஆப்ஜெக்ட் உண்டாகும்போது ஓடும் மெத்தட், செல்ஃப் என்பது அந்த ஆப்ஜெக்டே. இப்போது காபி = பணம்(2500), வடை = பணம்(1200) என்று வைத்து காபி + வடை என்று எழுதினால், பைதான் இடப்பக்கம் இருக்கும் காபியின் கிளாஸில் __ஆட்__ இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் செல்ஃப் இடத்தில் காபியையும், மற்றது இடத்தில் வடையையும் வைத்துக் கூப்பிடும். விடை 3700 பைசா உள்ள ஒரு புதுப் பணம்.

ரூபாயில் இல்லாமல் பைசாவில் ஏன் என்றால், புள்ளி வைத்த எண்கள் கணினியில் துல்லியமாக உட்காராது. 0.1 + 0.2 என்று பைதானில் தட்டினால் 0.30000000000000004 வரும். பணத்தை முழு எண்ணாக வைத்துக்கொண்டால் அந்தத் தலைவலி இல்லை. இன்னொன்று: __ரெப்ர்__ மெத்தடையும் இப்போதே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் விடையைப் பிரின்ட் செய்யும்போது தொகைக்குப் பதிலாக ஏதோ மெமரி முகவரி வந்து நிற்கும், கூட்டல் சரியா என்பதையே பார்க்க முடியாது.

முதல் பில் சரியா வருது. அடுத்தடுத்த பில்லுல விலை ஏறிக்கிட்டே போகுது. ஏன்?

இதை ஒரு பெண் மடிக்கணினியோடு கொண்டுவந்து காட்டினாள். காபி + வடை, முதல் தடவை 37 ரூபாய். அதே வரி இரண்டாம் தடவை 49. மூன்றாம் தடவை 61. இரண்டு மணி நேரம் பில் போடும் ஃபங்ஷனிலேயே தேடியிருக்கிறாள். தவறு அங்கே இல்லவே இல்லை. அவளுடைய __ஆட்__ உள்ளே இப்படி இருந்தது: செல்ஃப்.பைசா += மற்றது.பைசா, அடுத்த வரியில் ரிட்டர்ன் செல்ஃப்.

செல்ஃப் என்பது காபி. அதாவது கூட்டும்போதெல்லாம் விலைப்பட்டியலில் இருந்த காபியின் விலையே மாறிக்கொண்டிருந்தது. 25 இருந்தது 37 ஆனது, அது 49 ஆனது. 2 + 3 என்று எழுதினால் 2 என்ற எண் 5 ஆக மாறிவிடுவதில்லை. + குறியைப் பார்க்கிற யாரும் இரண்டு பக்கமும் இருப்பது அப்படியே இருக்கும் என்றுதான் நம்புவார்கள். ஆகவே எப்போதும் புது ஆப்ஜெக்ட் செய்து அதைத் திருப்பிக் கொடுங்கள். இந்த ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை வராது.

விடை நன் ('எதுவும் இல்லை' என்பதற்குப் பைதான் வைத்திருக்கும் மதிப்பு) என்று வந்தால் காரணம் இன்னும் எளிது. ரிட்டர்ன் எழுத மறந்திருப்பீர்கள்.

காபி + 10 எழுதினா எரர் வருது. 10-ஐயும் ஏத்துக்கிற மாதிரி பண்ணிடலாமா?

அந்த 10 என்ன? 10 ரூபாயா, 10 பைசாவா? எழுதும்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவருக்குத் தெரியாது. அதனால் எரர் வருவதே நல்லது. சும்மா ஒரு எண்ணைப் பணத்தோடு கூட்ட விடாதீர்கள்.

பைதானோடு வரும் டேட்டைம் மாட்யூலைப் பாருங்கள், யோசித்துச் செய்த வேலை என்று சொல்வேன். ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் எத்தனை நாள் இடைவெளி என்று வரும். தேதியோடு இடைவெளியைக் கூட்டினால் இன்னொரு தேதி வரும். தேதியோடு தேதியைக் கூட்டினால் எரர். பொங்கலும் தீபாவளியும் கூட்டினால் என்ன என்பதற்கு அர்த்தம் இல்லை, அதனால் அதற்கு இடமும் இல்லை. உங்கள் கிளாஸுக்கும் இப்படி ஒரு அட்டவணையைப் பேப்பரில் போடுங்கள்: எதோடு எது சேரும், சேர்ந்தால் என்ன டைப் வரும் என்று. அப்புறம் கோடுக்கு வாருங்கள்.

நாட்இம்ப்ளிமென்டட், நாட்இம்ப்ளிமென்டட்எரர் – ரெண்டுல எதைப் போடணும்?

ஆபரேட்டர் மெத்தடில் நாட்இம்ப்ளிமென்டட்டைத்தான், அதுவும் ரிட்டர்ன் செய்ய வேண்டும். ரெய்ஸ் செய்யக் கூடாது, அதாவது எரராகக் கிளப்பக் கூடாது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் மாற்றிப் போட்டுவிடுகிறார்.

தாலுகா ஆபீஸில் ஒரு கவுன்ட்டருக்குப் போகிறோம். அங்கே இருப்பவர், 'இது என் கவுன்ட்டர் இல்லை, அடுத்ததில் கேளுங்கள்' என்கிறார். அதுதான் நாட்இம்ப்ளிமென்டட். அதைக் கேட்டதும் பைதான் வலப்பக்க ஆப்ஜெக்டிடம் போய், 'உனக்குத் தெரியுமா?' என்று கேட்கும். அதுவும் தெரியாது என்றால்தான் டைப்எரர். நீங்களே எரரை ரெய்ஸ் செய்தால் முதல் கவுன்ட்டரிலேயே ஆபீஸைப் பூட்டியது போல. அடுத்த கவுன்ட்டரில் ஆள் இருந்தும் பயனில்லை.

ஆக __ஆட்__ உள்ளே முதல் வேலை, மற்றது உண்மையிலேயே பணமா என்று இஸ்இன்ஸ்டன்ஸ் வைத்துப் பார்ப்பது. இல்லையென்றால் ரிட்டர்ன் நாட்இம்ப்ளிமென்டட்.

வடை * 3 வேலை செய்யுது, 3 * வடை செய்ய மாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணுதானே?

நமக்கு ஒன்று, பைதானுக்கு இல்லை. 3 * வடை என்றால் இடப்பக்கம் இருப்பது எண். எண்ணின் __மல்__ மெத்தடுக்கு வடையைத் தெரியாது, ஆகவே முந்தைய பதிலில் சொன்னபடி அது அடுத்த கவுன்ட்டரைக் காட்டும். வலப்பக்கத்துக்கென்று இருக்கும் மெத்தட் __ஆர்மல்__. முன்னால் ஒரு 'ஆர்' சேரும், அவ்வளவுதான் வித்தியாசம். பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை ஒன்று என்பதால் __ஆர்மல்__ = __மல்__ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

கழித்தலுக்கு அப்படிச் செய்துவிடாதீர்கள். __ஆர்சப்__ கூப்பிடப்படும்போது செல்ஃப் வலப்பக்கம் இருப்பது, மற்றதுதான் இடப்பக்கம். மற்றதிலிருந்து செல்ஃபைக் கழிக்க வேண்டும். திருப்பிப் போட்டால் விடை மைனஸில் போய்விடும்.

பெருக்கலில் எதை அனுமதிப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். பணம் * 3 சரி. பணம் * பணம் என்ன? 25 ரூபாயை 12 ரூபாயால் பெருக்கினால் 'ரூபாய் வர்க்கம்' என்று எந்தக் கல்லாவிலும் ஒன்று கிடையாது. நாட்இம்ப்ளிமென்டட் கொடுங்கள்.

லிஸ்ட்ல இருக்கிற பணத்தையெல்லாம் சம்() போட்டா எரர். + தான் எழுதியாச்சே?

சம்() ஃபங்ஷன் 0-விலிருந்து தொடங்குகிறது. முதலில் அது செய்வது 0 + காபி. இடப்பக்கம் எண், வலப்பக்கம் பணம், __ஆர்ஆட்__ எழுதவில்லை, ஆக எரர்.

வழி இரண்டு. ஒன்று, சம்(பில், பணம்(0)) என்று தொடக்கத்தையே பணமாகக் கொடுப்பது. இன்னொன்று, __ஆர்ஆட்__ எழுதி, அதில் 0 வந்தால் மட்டும் செல்ஃபைத் திருப்பிக் கொடுத்து, மற்ற எண்களை மறுப்பது. எனக்கு முதலாவது பிடிக்கும், ஏனென்றால் லிஸ்ட் காலியாக இருக்கும் நாளில் அது பணம்(0) தரும். இரண்டாவது வெறும் 0 தரும், பில் அடிக்கிற இடத்தில் போய் இடறும்.

100 ரூபாயை மூணு பேருக்குப் பிரிக்கணும். வகுத்தல் குறிக்கு என்ன எழுதறது?

10000 பைசாவை 3-ஆல் வகுத்தால் 3333, மீதி 1 பைசா. மூன்று பேருக்கும் 33.33 கொடுத்தால் மொத்தம் 99.99 தான் வருகிறது. அந்த ஒரு பைசா எங்கே போனது என்று கணக்குப்பிள்ளை கேட்பார், கேட்க வேண்டும். அதனால் பணம் / 3 என்பதை நான் எழுதவே மாட்டேன். பங்கிடு(3) என்று ஒரு சாதாரண மெத்தட் எழுதி, 3334, 3333, 3333 என்று மூன்று பணம் உள்ள லிஸ்டைத் திருப்பிக் கொடுப்பேன். கூட்டினால் 10000 சரியாக வரும்.

பணம் / பணம் மட்டும் நல்ல கேள்வி. 60 ரூபாயில் 12 ரூபாய் வடை எத்தனை? விடை 5, அது வெறும் எண், பணம் இல்லை. / குறிக்கான __ட்ரூடிவ்__ மெத்தடில் இதை மட்டும் அனுமதித்தால் போதும்.

ரெண்டு பணமும் 25 ரூபாய்தான், ஆனா == ஃபால்ஸ்னு வருது.

== குறிக்கான __ஈக்யூ__ எழுதாதவரை பைதான் இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டும்தான் பார்க்கும். இரண்டு பேர் பையில் இருக்கும் இரண்டு நோட்டும் வேறு வேறுதானே. மதிப்பு ஒன்றா என்று பார்க்க __ஈக்யூ__ எழுதி, பைசாவை ஒப்பிட வேண்டும். != தனியாக வேண்டாம், பைதான் 3 அதைத் தானே திருப்பிப் போட்டுக்கொள்ளும். எதிரே பணம் இல்லாத வேறு ஏதாவது வந்தால் இங்கேயும் நாட்இம்ப்ளிமென்டட்தான். ஆனால் == விஷயத்தில் இரண்டு கவுன்ட்டரும் கை விரித்தால் எரர் வராது, ஃபால்ஸ் வரும்.

__ஈக்யூ__ எழுதினதும் செட்டுல போட முடியல, டிக்ஷனரி கீயாவும் வைக்க முடியல. நேத்து வரைக்கும் ஓடுச்சே!

ஓடியது உண்மை. __ஈக்யூ__ எழுதி __ஹாஷ்__ எழுதாவிட்டால், பைதான் அந்தக் கிளாஸின் __ஹாஷ்__ஐ நன் ஆக்கிவிடும். உங்களைத் தொந்தரவு செய்ய அல்ல. செட்டும் டிக்ஷனரியும் முதலில் ஹாஷை (மதிப்பிலிருந்து கணக்கிடும் ஒரு எண்ணை) வைத்து எந்த அறையில் தேடுவது என்று முடிவு செய்து, அப்புறம்தான் அந்த அறைக்குள் == பார்க்கும். சமமான இரண்டு பணம் வேறு வேறு அறையில் போய் உட்கார்ந்தால், செட்டுக்குள் இருந்தும் 'இல்லை' என்று பதில் வரும். அந்த அமைதியான தவறைவிட இந்த எரர் எவ்வளவோ மேல்.

ஒப்பிடும் அதே விவரத்தை வைத்து ஹாஷ் எழுதுங்கள்: ரிட்டர்ன் ஹாஷ்(செல்ஃப்.பைசா). கூடவே, பைசாவை யாரும் பிறகு மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டில் போட்டபின் பைசா மாறினால் ஹாஷும் மாறும், பழைய அறையில் இருக்கும் ஆப்ஜெக்டைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பைதான் 3.7-இல் வந்த டேட்டாகிளாஸை ஃப்ரோஸன்=ட்ரூ என்று வைத்தால் __ஈக்யூ__, __ஹாஷ்__ இரண்டையும் அதுவே எழுதிக் கொடுத்து, மாற்றவும் விடாது.

விலை வாரியா வரிசைப்படுத்த <, >, <=, >= நாலையும் எழுதணுமா?

வரிசைப்படுத்த மட்டும் என்றால் < குறிக்கான __எல்டி__ ஒன்று போதும், சார்ட் அதை மட்டும்தான் பார்க்கிறது. நான்கும் வேண்டுமென்றால் __ஈக்யூ__, __எல்டி__ எழுதி, ஃபங்டூல்ஸ் மாட்யூலில் இருக்கும் டோட்டல்_ஆர்டரிங் என்ற டெகரேட்டரைக் கிளாஸ் தலைமேல் வையுங்கள். மிச்சத்தை அது நிரப்பும்.

+= தனியா எழுதணுமா?

பணத்துக்கு வேண்டாம். += குறிக்கான __ஐஆட்__ இல்லையென்றால் பைதான் மொத்தம் += காபி என்பதை மொத்தம் = மொத்தம் + காபி என்று எடுத்துக்கொள்ளும். புதுப் பணம் உண்டாகி, மொத்தம் என்ற பெயர் அதன்மேல் மாறி உட்காரும். பழைய பணம் அப்படியே இருக்கும்.

உள்ளே நிறையப் பொருள் வைத்திருக்கும் கிளாஸ் என்றால், உதாரணமாக லட்சம் வரிகள் கொண்ட ஒரு கணக்குப் புத்தகம், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிரதி எடுப்பது வீண். அங்கே __ஐஆட்__ எழுதி இருப்பதையே மாற்றலாம், கடைசியில் ரிட்டர்ன் செல்ஃப் கட்டாயம். மறந்தால் உங்கள் புத்தகமே நன் ஆகிவிடும். விலைப்பட்டியல் கேள்வியில் நான் செய்யக் கூடாது என்று சொன்னதை இங்கே செய்யலாம், ஏனென்றால் += எழுதுகிறவர் மாற்றத்தைக் கேட்டுத்தான் எழுதுகிறார்.

இஃப் பாக்கி: எழுதினா எப்பவும் ட்ரூ. பாக்கி பூஜ்யமா இருந்தாலும் ட்ரூ.

__பூல்__ மெத்தட் எழுதாவிட்டால் (__லென்__ மெத்தடும் இல்லாவிட்டால்) எல்லா ஆப்ஜெக்டும் ட்ரூதான். பூஜ்யம் ஃபால்ஸ் ஆக வேண்டுமென்றால் __பூல்__ எழுதலாம். ஆனால் ஒரு நிமிஷம் யோசியுங்கள்: 'பாக்கி இல்லை' என்பதும் 'பாக்கி இன்னும் கணக்கிடப்படவே இல்லை' என்பதும் ஒன்றா? இஃப் பாக்கி: என்ற வரியில் பணம்(0), நன் இரண்டும் ஒரே பக்கம் போய்விடும்.

பைதானுக்கே இது நடந்திருக்கிறது. டேட்டைம் மாட்யூலில் நள்ளிரவு 12 மணி என்ற நேரம் ஃபால்ஸ் என்று கணக்கானது. நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இஃப் எழுதியவர்களின் புரோகிராம் நள்ளிரவில் மட்டும் தப்புச் செய்தது. 2015-இல் வந்த 3.5 பதிப்பில்தான் அதை மாற்றினார்கள். நான் __பூல்__ எழுதுவதில்லை. பாக்கி == பணம்(0) என்று விரித்தே எழுதுகிறேன்.

அண்ட், ஆர், நாட், இஸ், = இதையெல்லாம் மாத்த முடியுமா?

முடியாது. = என்பது ஒரு பெயரை ஆப்ஜெக்டோடு ஒட்டும் வேலை, அதில் கிளாஸுக்குப் பேச்சே இல்லை. இஸ் என்பது ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டும் பார்க்கும். அண்ட், ஆர் இரண்டும் இடப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால்தான் வலப்பக்கத்துக்கே போகும். வலப்பக்கம் கணக்கிடப்படாமலே இருக்கலாம் என்கிறபோது அதை ஒரு மெத்தடுக்கு எப்படிக் கொடுப்பது? சி பிளஸ் பிளஸில் அவற்றை ஓவர்லோட் செய்யலாம், ஆனால் செய்தால் இரண்டு பக்கமும் கணக்கிடப்பட்டுவிடும், அந்தப் பழைய குணம் போய்விடும்.

பாண்டாஸ் (அட்டவணைத் தரவுகளைக் கையாளும் பைதான் நூலகம்) பயன்படுத்துகிறவர்கள் & குறியோடு அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டியிருப்பது இதனால்தான். அண்ட் கிடைக்காததால் & குறியை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் & குறி > குறியைவிட முந்தி வேலை செய்யும். மதிப்பெண் > 35 & வயது < 20 என்று எழுதினால் முதலில் 35 & வயது கணக்காகிவிடும். (மதிப்பெண் > 35) & (வயது < 20) என்று எழுத வேண்டும்.

எந்தக் குறி முதல்ல வேலை செய்யணும்னு நாமே வைக்கலாமா? ^ குறியை அடுக்குக்கு வைக்க ஆசை.

பைதானிலும் சி பிளஸ் பிளஸிலும் முடியாது. குறியின் அர்த்தம்தான் உங்கள் கையில், அதன் இடம் மொழியின் கையில். ^ குறி + குறிக்குப் பின்னால் வருவது. ஆகவே 1 + எக்ஸ் ^ 2 என்பது (1 + எக்ஸ்) ^ 2 ஆகிவிடும். படிக்கிறவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், விடை மட்டும் தப்பு. அடுக்குக்கு ** இருக்கிறது, அதற்கு __பவ்__ எழுதுங்கள்.

காபி.__ஆட்__ = ஏதோ ஃபங்ஷன்னு ஒரு ஆப்ஜெக்டுக்கு மட்டும் வெச்சேன். + அதைக் கண்டுக்கவே இல்ல.

குறிகளுக்கான மெத்தடைப் பைதான் ஆப்ஜெக்டில் தேடாது, அதன் கிளாஸில்தான் தேடும். காபி.__ஆட்__(வடை) என்று நேரில் கூப்பிட்டால் நீங்கள் வைத்தது ஓடும், காபி + வடை என்றால் கிளாஸில் இருப்பது ஓடும். ஒரு காபிக்கு மட்டும் தனிக் கூட்டல் வேண்டும் என்று தோன்றினால் அது வேறு கிளாஸாக இருக்க வேண்டிய பொருள்.

பணத்துலேருந்து ஒரு பிள்ளை கிளாஸ் எடுத்தேன். கூட்டினா அப்பா டைப்பே வருது. பிள்ளை டைப் வர வேண்டாமா?

மேலே எழுதிய __ஆட்__ பணம்(...) என்றே திருப்பிக் கொடுக்கிறது, அதனால் அப்பாதான் வரும். டைப்(செல்ஃப்)(...) என்று மாற்றினால் பிள்ளை வரும். ஆனால் பிள்ளையின் __இனிட்__ கூடுதலாக வரி விகிதம் மாதிரி ஏதாவது கேட்டால் அந்த இடத்திலேயே உடையும். கேட்காவிட்டாலும், 5 சதவீத வரிப் பணத்தையும் 18 சதவீத வரிப் பணத்தையும் கூட்டினால் விகிதம் எவ்வளவு? பைதானின் எண்களும் அப்பா டைப்பையே தருகின்றன: பூல் என்பது எண்ணின் பிள்ளை, ஆனால் ட்ரூ + ட்ரூ என்றால் 2, வெறும் எண்.

இன்னொரு நுணுக்கம். பணம் + பிள்ளை என்று எழுதி, பிள்ளை தனக்கென்று __ஆர்ஆட்__ எழுதியிருந்தால், வலப்பக்கம் இருந்தாலும் அதுதான் முதலில் கேட்கப்படும். கவுன்ட்டர் வரிசை அங்கே தலைகீழ். அப்பாவைப் பிள்ளைக்குத் தெரியும், பிள்ளையை அப்பாவுக்குத் தெரியாது என்பதால் அந்த ஏற்பாடு.

ஜாவால ஏன் இது இல்ல?

ஜாவாவில் ஸ்ட்ரிங்கை ஒட்டும் + மட்டும் உண்டு, நம் கிளாஸுக்கு எழுத வழியில்லை. சி பிளஸ் பிளஸில் பலர் இதைத் தாறுமாறாகப் பயன்படுத்தியதைப் பார்த்தே விட்டுவிட்டதாக ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் சொல்லியிருக்கிறார். கோ மொழியிலும் கிடையாது. கோட்லினில் உண்டு, ரஸ்டில் டிரெய்ட் (ஒரு டைப் என்னென்ன செய்யும் என்று சொல்லும் அமைப்பு) வழியாக உண்டு. காஸ்லிங்கின் பயம் நியாயமானது, ஆனாலும் பிக்டெசிமல் வரிகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கதவை முழுசாகச் சாத்தியிருக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

அப்போ எங்க எழுதக் கூடாது?

குறியைப் பார்த்ததும் என்ன நடக்கும் என்று மற்றவர் சொல்ல முடியாத இடத்தில். மாணவர் + வகுப்பு என்றால் என்ன? சேர்க்கையா? வருகைப் பதிவா? சேர்() என்று மெத்தட் எழுதுங்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் - குறிக்குள் டேட்டாபேஸிலிருந்து ஒரு வரியை அழிக்கும் வேலையை வைத்திருந்தார்கள். வித்தியாசம் பார்ப்பதாக நினைத்து அந்தக் குறியைப் பயன்படுத்தியவன் நான். பேக்கப்பிலிருந்து அந்த வரிகளை மீட்க ஒரு ராத்திரி முழுக்க ஆனது.

கணக்கு இல்லாத இடத்திலும் குறி அழகாகப் பொருந்துவதுண்டு. 2014-இல் பைதான் 3.4-ஓடு வந்த பாத்லிப் மாட்யூலில் / குறி ஃபோல்டர் பாதையை ஒட்டுகிறது: வீடு / 'படங்கள்'. வகுத்தல் குறிதான், ஆனால் பாதையில் அதே கோட்டை ஆயுசு முழுக்கப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு விளக்கம் தேவையில்லை.

டூப்பிளுக்குள்ள இருக்கிற லிஸ்ட்ல += போட்டேன். எரரும் வந்துச்சு, லிஸ்ட்டும் மாறிடுச்சு. எப்படி ரெண்டும் நடக்கும்?

பெட்டி = ([1],) என்று வைத்து பெட்டி[0] += [2] என்றால் டைப்எரர் வரும். அப்புறம் பெட்டியைப் பார்த்தால் உள்ளே [1, 2] இருக்கும். += பற்றிய பதிலை இங்கே படிப்படியாக வைத்துப் பாருங்கள். முதலில் பெட்டி[0]-இல் இருக்கும் லிஸ்ட் எடுக்கப்படுகிறது. அடுத்து அதன் __ஐஆட்__ ஓடுகிறது, லிஸ்ட் அங்கேயே மாறி, தன்னையே திருப்பிக் கொடுக்கிறது. கடைசியாக அந்த விடையைப் பெட்டி[0]-இல் திரும்ப வைக்க வேண்டும். டூப்பிளில் எதையும் திரும்ப வைக்க முடியாது, எரர் அந்த மூன்றாவது படியில் வருகிறது. இரண்டாவது படி அதற்குள் முடிந்துவிட்டது.

பெட்டி[0].எக்ஸ்டெண்ட்([2]) என்று எழுதினால் மூன்றாவது படியே இல்லை, எரரும் இல்லை.